நான் வைக்காத மொய்

முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடலாமா என்று நான் கணக்குப் போட்டேன். பெண்பிள்ளை வேலையை விடுகிறேன் என்றால், ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள், பாவம்’ என்று ஊர் தானாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளும். எனக்கு அந்தக் காரணமெல்லாம் இல்லை. வேலை அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

மதுரைத் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டர் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராசுக்குப் பேச வேண்டும் என்றால் எங்களிடம்தான் பதிந்து வைக்க வேண்டும். லைன் கிடைக்காது. கிடைத்தால் பாதியில் அறுந்துபோகும். அறுந்தால் ஆபரேட்டர்தான் வேண்டுமென்று அறுத்தாள் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. “தூங்குறியாடி?” என்று முகம் தெரியாதவன் கேட்பான். நான் அடங்கிப் போகிற ஆளில்லை. மூக்கு நுனியில் கோபம் எனக்கு. ஆனால் சூப்பர்வைசர் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். வாய்க்குள் வந்ததை விழுங்கி விழுங்கித் தொண்டையே புண்ணாகிவிட்டது. காதில் மாட்டுகிற கருவி இடது காதை அழுத்தி, டியூட்டி முடிந்தபிறகும் உள்ளே ஒரு ரீங்காரம் நிற்காமல் கேட்கும்.

என் கணவருக்கு கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதும் வேலை. சாது. சம்பளமும் சாதுவானதுதான். வீடு ஓடியது என் சம்பளத்தில். எனக்குப் பென்ஷன் வருகிற அளவுக்கு சர்வீஸ் ஆகவில்லை. விட்டால் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். அதனால் என் சம்பளத்தில் பாதியாவது மாதாமாதம் வட்டியாக வருகிற மாதிரி ஒரு தொகை கையில் இருக்க வேண்டும். அந்தத் தொகைக்காகத்தான் பத்து வருடம் சேர்த்தேன். சினிமா கிடையாது. தீபாவளிக்கு எனக்கு மலிவான ஒரு ‘வாயில்’ ரகச் சேலை, அதுவும் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில். சீட்டுப் போட்டேன், எடுத்தேன், தபால் ஆபீசில் போட்டேன். அப்படியும் முக்கால் கிணறுதான் தாண்டியிருந்தேன். மீதிக்கு இன்னும் மூன்று நாலு வருடமாகும் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் இருவருக்கும் பேரையூரில் காதணி விழா வைத்தோம். எனக்குப் பிறந்த ஊர் பேரையூர்ப் பக்கம். எங்கள் பக்கத்து விசேஷம் என்றால் மொய்தான் அதன் உயிர். பந்தலில் ஒரு மேசை, மேசையில் ஓர் அண்டா, பக்கத்தில் மொய் எழுதுகிறவர், அவருக்குப் பக்கத்தில் மைக். யார் எவ்வளவு வைத்தார் என்று ஊரே கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் பணம் அண்டாவில் விழும். வைத்த மொய் இனாம் அல்ல. நாளை வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் அதைத் திருப்பி வைத்து, மேற்கொண்டு கொஞ்சம் சேர்த்தும் வைக்க வேண்டும். மேற்கொண்டு வைத்தது புது மொய். அதை அவர்கள் நமக்குப் பிறகு திருப்ப வேண்டும். இப்படியே இரு வீட்டுக்கும் நடுவில் அது போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். கணக்கு முடிந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

அன்றைக்கு மொய் கொட்டியது. பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று என்று மைக்கில் வந்துகொண்டே இருந்தது. என் சின்னம்மா மகள், எனக்கு நாலைந்து வயது மூத்தவள், புருஷனை இழந்து ஒரே மகளோடு கரிசலில் பருத்தி போட்டுப் பிழைப்பவள், அவள் ஐநூற்றொன்று வைத்தாள். என் சொந்த அண்ணன்கூட அவ்வளவு வைக்கவில்லை. அவள் வீட்டில் நான் தலையெடுத்தபிறகு விசேஷமே நடந்ததில்லை, மகள் சடங்கைக்கூட வைக்கவில்லை, அதனால் நான் அவளுக்கு ஒரு காசு மொய் வைத்ததில்லை. ‘அக்காவுக்கு என்மேல் எம்புட்டுப் பிரியம்!’ என்று நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு. அப்படித்தான் நினைத்தேன், முட்டாள்.

செலவெல்லாம் போக அண்டாவில் நின்ற பணத்தை எண்ணியபோது, எனக்கு எட்டாமலிருந்த மீதித் தொகை அப்படியே கையில் இருந்தது.

“இது திருப்பிக் குடுக்க வேண்டிய பணம்மா,” என்றார் கணவர்.

“நான் பத்து வருசமா எல்லாருக்கும் வச்சேன்ல? அது திரும்பி வந்துருக்கு.”

“நீ வச்சது காவாசிகூட இருக்காது. மிச்சம் புது மொய்.”

“இன்னைக்கே வந்து கேக்கப் போறாகளா? ஒண்ணொண்ணா இருவது வருசத்துல வரும். வட்டியிலயே குடுத்துரலாம். கடைக் கணக்க கடையோட வச்சுக்கங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூட வைப்பது எனக்குச் சுலபம். அதற்குப் பிறகு நான் தனியாக உட்கார்ந்து செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் நாக்குக் கூசுகிறது. மொய் வைத்தவர்களை ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி, யார் வீட்டில் எப்போது விசேஷம் வரும் என்று பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் பத்து வருடம் தள்ளிப்போகும், நல்லது. வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீடு என்றால் சீக்கிரம் வரும், மோசம். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்த கிழவர்கள் வீட்டில் இனி விசேஷமே வராது. அவர்கள் வைத்தது நமக்கே என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளையில்லாத ஒரு கிழவி, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதினொரு ரூபாய் வைத்து என் மகன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாள். அவள் பணத்தை முழு லாபம் என்று மனதில் சேர்த்துக்கொண்டேன். தூரத்துச் சொந்தங்களுக்கு, பத்திரிகை கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பேரையூர் எங்கே, மதுரை எங்கே? வேலையையும் விட்டபிறகு என்னை யார் தேடி வரப்போகிறார்கள்?

போதும் என்று கணக்கு வந்துவிட்டது. மொத்தப் பணத்தையும் ஐந்து வருட டெபாசிட்டில் போட்டேன். ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்தில் விடுவிப்பார்கள் என்றார்கள். அந்த மாதத்தில் நான் தரையில் நடக்கவில்லை. எவனாவது போனில் கத்தினால், ‘கத்துடா ராசா, இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். மகளுக்குக் கல்யாணம் முடிவாகி, வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகை வைக்க வந்திருந்தாள். வெயிலில் திருமங்கலம் வந்து பஸ் மாறி, மதுரையில் இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். செருப்பில்லாத கால் புழுதியோடு வாசலில் நின்று, “கால் கழுவத் தண்ணி குடு தாயி,” என்றாள். கையில் ஒரு பை நிறைய மொச்சை.

எனக்கு அவளைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை. ‘ஐநூற்றொன்று’ என்றுதான் மனம் சொல்லியது. வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீடு, மோசம் என்று நான் ஒதுக்கியதில் முதல் வீடு அவளுடையது. ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை.

காப்பி குடித்துக்கொண்டே அவள் கல்யாண விவரமெல்லாம் சொன்னாள். மாப்பிள்ளை கல்லுப்பட்டிப் பக்கம். நல்ல குணம். பாத்திரச் சீர் மட்டும் குறையில்லாமல் கேட்கிறார்கள்.

“அதுக்கு நான் கவலப்படல தாயி. ஒங்கிட்டத்தான் போட்டு வச்சிருக்கேன்ல,” என்று சிரித்தாள். “இந்த வருசம் பருத்தி நல்லா வெளஞ்சுச்சு. காச வீட்டுல வச்சா ஆளாளுக்குக் கைமாத்துக் கேட்டு வந்துருவாய்ங்க. பேங்கு கீங்கு எனக்குத் தெரியாது. ஒனக்கு மாசம் பொறந்தா சர்க்கார் சம்பளம். ஒங்கிட்ட இருந்தா எங்கயும் போகாது, மக கல்யாணத்துக்கு வந்து சேந்துரும்னுதான் அம்புட்டையும் மொய்யா வச்சேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரியத்தில் வைத்தாள் என்று பெருமைப்பட்டுத் திரிந்தேனே! அவள் என்னிடம் சேமித்திருக்கிறாள். அவள் மட்டுமா? அன்றைக்கு மைக்கில் வந்த பேர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். என் சம்பளத்தை நம்பி வைத்த பணத்தை எடுத்துவைத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தையே விடப் போகிறேன்.

அப்போதாவது, “ஆமாக்கா, வந்துரும்” என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. “அக்கா, நான் வேலைய விடப் போறேன். எழுதிக் குடுத்துட்டேன். காது வலி தாங்க முடியல. இருந்த காசையெல்லாம் அஞ்சு வருசத்துக்குப் போட்டுட்டேன். இப்ப எடுத்தா வட்டி போயிரும்…” என்று இழுத்தேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. டிரங்க் காலில் ‘லைன் கிடைக்கவில்லை, காத்திருங்கள்’ என்று சொல்லுகிற குரல் அது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் மாறியதோ இல்லையோ, நான் பார்க்கவில்லை; மொச்சைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காது வலியா? ஏத்தா, சொல்லவே இல்ல?” என்று எழுந்து வந்து என் இடது காதைத் திருப்பிப் பார்த்தாள். “சரி, அதுக்கென்ன. நீ குடும்பத்தோட வந்து நில்லு. ஒனக்கு முடிஞ்சதச் செய்யி. போதும்.”

அவள் போனபின் கணவர் மொச்சையை முறத்தில் கொட்டி உரிக்க ஆரம்பித்தார். அவராவது என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன்.

கல்யாணத்தன்று நாங்கள் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. திருமங்கலத்தில் பஸ் தாமதம். என் கைப்பையில் நூற்றொரு ரூபாய் வைத்திருந்தேன். ‘முடிந்ததைச் செய்யச் சொன்னாளே, மிச்சத்தைப் பிறகு மெதுவாகக் கொடுத்துக்கொள்ளலாம்’ என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மைக்கில் நூற்றொன்று என்று அறிவிக்கும்போது, ஐநூற்றொன்று ஞாபகம் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். இந்த ஊரில் இனி எனக்கு என்ன வேலை?

மொய் எழுதியவர் எங்கள் பங்காளி வீட்டுப் பையன். நான் பணத்தை நீட்டியதும் சிரித்தான்.

“என்ன அத்தே, மறுபடியும் வைக்கிறீக? ஒங்க மொய் வெள்ளனமே வந்துருச்சே!”

“என் மொய்யா?”

“அறுநூத்தியொண்ணு. பழசு ஐநூத்தியொண்ணு, புதுசு நூறு. ஒங்கக்கா, பெரியத்தைதான் கொண்டாந்து குடுத்துச்சு, நீங்க முன்னாலயே அனுப்பிட்டீகன்னு. இதுவரைக்கும் விழுந்ததுல இதான் பெரிய மொய்.” பிறகு மைக் பிடித்தவரைப் பார்த்து, “மாமா, அத்தை வந்துட்டாக, இன்னொரு தடவ சொல்லுங்க!” என்றான்.

அவர் சொன்னார். மதுரை டெலிபோன் ஆபீசில் உத்தியோகம் பார்க்கிறவர் என்று தொடங்கி, என் பெயர், என் கணவர் பெயர், பழைய மொய், புது மொய் எல்லாவற்றையும் இழுத்து இழுத்துச் சொன்னார். பந்தலே திரும்பிப் பார்த்தது. “உத்தியோகம்னா சும்மாவா!” என்றாள் ஒருத்தி. “சொன்ன சொல்லுக்குச் செஞ்சுட்டா பாரு,” என்றாள் இன்னொருத்தி. நூற்றொரு ரூபாயைக் கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தெரியாமல் பணம் அனுப்பிவிட்டேன் என்று நினைத்து, அந்த மனுஷன் முகம் மலர்ந்து நின்றார்.

அக்கா சமையல் கொட்டகைக்குப் பின்னால் வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துப்போனேன்.

“ஏக்கா இப்படிப் பண்ணின? யாரு பணம் அது?”

“சத்தம் போடாத. சமையக்காரருக்குன்னு எடுத்து வச்ச காசு. அண்டாவுல போட்டா என்ன, சாயங்காலம் பிரிச்சா எங்கிட்டத்தான வரப்போகுது.”

“எனக்கு எதுக்கு…”

“நீ அன்னைக்குப் பேசுனதுலயே தெரிஞ்சுபோச்சு தாயி, ஒன்னால ஆகாதுன்னு. நூறோ அம்பதோ வச்சு மைக்ல சொன்னா ஒன் பேரு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு ஒரு பய மதிப்பானா? ஒனக்குப் பொம்பளப் பிள்ள இருக்கு.” கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் என் காதைத் தொட்டுப் பார்த்தாள். “நீ வேலைய விடு. எங்கள நெனச்சு விடாம இருக்காத. காது போச்சுன்னா வருமா?”

அந்த நூற்றொன்றை அவளிடம் நீட்டினேன். “பொண்ணு கையில குடு, வளையல் போட்டுக்கிறட்டும்,” என்று சொல்லிவிட்டு இலை அறுக்கப் போய்விட்டாள். பந்தியில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெரிய மொய்க்காரியாயிற்றே! பாயசம் இரண்டாவது தடவையும் ஊற்றினார்கள். சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

அன்று பஸ்ஸில் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர், “நாளைக்கு முதல் வேலையா அந்த ராஜினாமாக் கடிதத்தத் திரும்ப வாங்கு,” என்றார். கல்யாணமாகி அவர் எனக்குப் போட்ட முதல் உத்தரவு அது. வாங்கினேன். “ஏம்மா, வீட்டுல கலந்து பேசிட்டு எழுத மாட்டீங்களா?” என்று அதிகாரி எரிந்து விழுந்தார். அந்தக் கருவியை மறுபடியும் இடது காதில் மாட்டிக்கொண்டேன். மற்ற எல்லாரையும் போல அறுபது முடிந்துதான் ரிடையர் ஆனேன்.

ஆனால் அக்காவின் கணக்கு அதோடு தீரவில்லை. வட்டி போனால் போகிறது என்று டெபாசிட்டை உடைத்து, அறுநூற்றொரு ரூபாயை எடுத்துக்கொண்டு பேரையூருக்குப் போனேன். அவள் வீட்டுக் கொட்டத்தில் ஆடுகள் பாதிதான் இருந்தன. பாத்திரச் சீருக்குக் குறைபட்ட பணத்தைச் சரிக்கட்ட மற்றதை விற்றுவிட்டதாக அவளே சொன்னாள், மழை பெய்ததைச் சொல்லுகிற மாதிரி.

பணத்தை அவள் மடியில் வைத்தேன். எடுத்துத் திரும்ப என் பையிலேயே போட்டாள்.

“ஒன் மொய் வந்துருச்சுல்ல தாயி. ஊரே கேட்டுச்சே. ரெண்டாந் தடவ எப்படி வாங்குறது?”

“அது ஒன் பணம்க்கா!”

“அது ஒனக்கும் எனக்கும் தெரியும். இப்ப நான் இத வாங்கி, ஆட்டக் கீட்ட வாங்கிப் போட்டா, ஏது காசுன்னு கேப்பாக. தங்கச்சி குடுத்தான்னு சொல்லுவேன். அப்ப அன்னைக்கு வந்தது யாரு காசுன்னு கேப்பாகள்ல? ஒன்னயக் காட்டிக் குடுக்கவா அம்புட்டும் செஞ்சேன்?”

கெஞ்சினேன். கோபப்பட்டேன். கத்தக்கூடச் செய்தேன். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றாள்.

இரண்டு வருடம் கழித்து என் மகள் வயதுக்கு வந்தாள். சடங்கு வைக்காமல் இருக்கலாம் என்றேன்; மறுபடியும் ஒரு மொய்மேசையை எதிர்கொள்ள எனக்குத் தெம்பில்லை. சொந்தக்காரர்கள் விடவில்லை. மதுரையிலேயே சின்ன மண்டபம் பிடித்தோம். மேசை, அண்டா, மைக் எல்லாம் வந்து சேர்ந்தன. நான் வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். அதே வெறுங்கால். என் கன்னத்தைத் தடவிவிட்டு நேரே மேசைக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணி வைத்தாள்.

பழைய மொய் நூறு, புது மொய் நூற்றொன்று என்று மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். என் பெயரில் அவளே வைத்த நூறு ரூபாயை எனக்குப் பட்ட கடனாக ஊரறியத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கா பந்திக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.